பழுது பார்க்கும் உரிமை: கடைக்காரர் அறிய வேண்டிய பாடம்

பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கிறது. கடையில் நிற்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து எலக்ட்ரானிக் தராசின் எண்கள் ஆடுகின்றன, மங்குகின்றன, பிறகு ஒரேயடியாக அணைந்து போகின்றன. வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. விற்ற ஏஜென்சிக்குப் போன் செய்தால், "அந்த மாடல் இப்போது வருவதில்லை, போர்டு கிடைக்காது. புதுசு எடுத்துக்கொள்ளுங்கள், பழசுக்கு ஏதாவது கழித்துத் தருகிறோம்" என்று பதில் வருகிறது. தெருமுனை மெக்கானிக்கோ, "கொடுங்கள் அண்ணாச்சி, மாலைக்குள் சரி செய்து தருகிறேன்" என்கிறார். அவர் கை வைத்தால் முத்திரை போய்விடுமே என்று மனம் தயங்குகிறது.

இப்படி ஒரு நாளைச் சந்திக்காத மளிகைக் கடை அநேகமாக இருக்காது. தராசு இல்லாவிட்டால் பிரிட்ஜ், பிரிட்ஜ் இல்லாவிட்டால் பில் போடும் மெஷின், அதுவும் இல்லாவிட்டால் இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர். அந்த நேரத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன. என் பணம் கொடுத்து வாங்கிய பொருளை நான் விரும்பும் ஆளிடம் பழுது பார்க்க எனக்கு உரிமை உண்டா? உதிரி பாகம் தர முடியாது என்று சொல்ல விற்றவருக்கு உரிமை உண்டா? தராசு போல அரசு முத்திரை உள்ள கருவிக்கு என்ன விதி?

இவற்றோடு நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. நாம் வாங்குபவர் மட்டுமல்ல, விற்பவரும்கூட. நம்மிடம் மிக்சியும் குக்கரும் எமர்ஜென்சி விளக்கும் வாங்கிச் செல்லும் வாடிக்கையாளர் இதே கேள்விகளோடு நம் கடைப்படி ஏறினால் நாம் என்ன பதில் சொல்வோம்?

உரிமை என்பது நான்கு பொருள்

பழுது பார்க்கும் உரிமை என்பது பொருளைத் திருகி எடுத்துப் பார்க்கும் சுதந்திரம் மட்டுமல்ல. அதில் நான்கு சங்கதிகள் அடங்கியுள்ளன.

1. உதிரி பாகம் நியாயமான விலையில், நியாயமான நாட்களுக்குள் கிடைக்க வேண்டும்.
2. பொருளைத் திறக்கவும் சோதிக்கவும் தேவையான கருவி வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும்.
3. எது எங்கே இருக்கிறது, எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது என்ற விவரம் தெரிய வேண்டும்.
4. கம்பெனி சர்வீஸ் சென்டரா, வெளி மெக்கானிக்கா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பொருளின் சொந்தக்காரருக்கு இருக்க வேண்டும்.

இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் உரிமை பெயரளவில்தான் நிற்கும். மெக்கானிக் இருந்து பாகம் இல்லாவிட்டால் பயனில்லை. பாகம் இருந்தும் அதை ஏற்றுக்கொள்ளக் கம்பெனியின் ரகசியச் சாப்ட்வேர் வேண்டும் என்றால் அப்போதும் பயனில்லை.

நான்கும் சேர்ந்திருக்கும் பொருளுக்கு உதாரணம் தேட நாம் வெகு தூரம் போக வேண்டாம். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கல், டிரம், மோட்டார், பெல்ட் எல்லாம் தனித்தனி. பெல்ட் அறுந்தால் பெல்ட் மட்டும் மாற்றலாம். மோட்டார் எரிந்தால் காயில் கட்டிக்கொள்ளலாம். கல் தேய்ந்தால் கொத்திக்கொள்ளலாம். சிறு ஊரிலும் இதைச் சரி செய்ய ஆள் உண்டு. அதனால்தான் பல வீடுகளில் ஒரே கிரைண்டர் ஒரு தலைமுறைக்கு ஓடுகிறது.

இன்று வரும் பல பொருட்கள் இப்படி இல்லை. திருகாணிக்குப் பதில் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். திருகாணி இருந்தாலும் சாதாரண ஸ்குரூ டிரைவர் நுழையாத வடிவம். பேட்டரியைத் தனியாகக் கழற்ற முடியாது. "இந்த ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி இல்லை" என்று ஒரு எச்சரிக்கை. ஐந்து ரூபாய்ப் பாகம் போனாலும் முழுப் போர்டையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அப்போது பழுது பார்க்கும் செலவு புதிய விலையை நெருங்குகிறது. சொந்தக்காரர் வேறு வழியில்லாமல் புதிதை வாங்குகிறார்.

சட்டம் எங்கே நிற்கிறது?

பழுது பார்க்கும் உரிமை என்ற பெயரில் நம் நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. இதை முதலில் தெளிவாக மனதில் கொள்ள வேண்டும். ஆனால் வெறுங்கையாகவும் நாம் இல்லை.

இதில் முதல் பெரிய அடி கார் கம்பெனிகளுக்கு விழுந்தது. 2014 ஆகஸ்டு மாதம் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் தயாரிப்பு நிறுவனங்கள் மீது தீர்ப்பளித்தது. ஒரிஜினல் உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் விற்காமலும், கோளாறைக் கண்டறியும் கருவிகளை வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குத் தராமலும் இந்த நிறுவனங்கள் சந்தையைத் தம் கையில் வைத்திருந்தன என்பது ஆணையத்தின் முடிவு. மொத்த அபராதம் சுமார் 2,544 கோடி ரூபாய். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

அபராதத்தை விட நமக்கு முக்கியம் அந்த உத்தரவில் வாரண்டி பற்றிச் சொல்லப்பட்டதுதான். வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, வெளியார் செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால் அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று ஆணையம் கூறியது. அந்த உத்தரவு கார்களைப் பற்றியது. அது நேரடியாக நம் பிரிட்ஜுக்கும் தராசுக்கும் பொருந்திவிடாது. ஆனாலும் நியாயம் எந்தப் பக்கம் என்பதை அது காட்டுகிறது.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் போன் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் குறிக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, கம்பெனிகளின் சர்வீஸ், வாரண்டி, உதிரி பாக விவரங்களை ஒரே இடத்தில் தரும் அரசு இணையதளம் தொடங்கப்பட்டது. 2025 மே மாதம் மற்றொரு குழு, எளிதில் பழுது பார்க்கக்கூடிய பொருளுக்கு மதிப்பெண் தரும் முறையைப் பரிந்துரைத்து அறிக்கை கொடுத்தது. மின்சாரச் சாதனங்களில் நட்சத்திரக் குறி பார்த்து வாங்குகிறோம் அல்லவா, அதுபோல இது. பரிந்துரை வேறு, சட்டம் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பது தெரிகிறது.

வெளிநாட்டிலும் இதே திசைதான். பிரான்சில் 2021 ஜனவரி முதல் சில வகைச் சாதனங்களை விற்கும்போது, அவற்றைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் காட்டுவது கட்டாயமாக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கான நெறிமுறை ஒன்றை நிறைவேற்றி, உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் அதைச் செயல்படுத்த வேண்டும் என்று நாள் குறித்தது.

கடைக்காரர் நுகர்வோர் ஆவாரா?

இது பலருக்கும் உள்ள சந்தேகம். "நீங்கள் வியாபாரி, வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது" என்று விற்பனையாளர் வாயடைத்துவிடுவது உண்டு. இது பாதி உண்மை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன்படி மறு விற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவர் நுகர்வோர் அல்ல. ஆனால் அதே பிரிவிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது.

இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. கோயம்புத்தூரில் தயாரான ஒரு எந்திரம் பற்றிய வழக்கு அது. எந்திரத்தின் மதிப்பையும் தொழில் நடக்கும் முறையையும் பார்த்து, வாங்கிய நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனால் ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும், லேத் வாங்கித் தானே இயக்குபவரும் நுகர்வோர்தான் என்று அதே தீர்ப்பில் விளக்கியது. ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது என்றும் சொன்னது. தானே கல்லாவில் உட்கார்ந்து, பையன் ஒருவனை உதவிக்கு வைத்துக் கடை நடத்தும் சிறு வணிகர் இந்த வரியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2024 மே மாதம் ஒரு சீட்டு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒன்றைத் தெளிவாக்கியது. சேவை வணிக நோக்கத்துக்காகப் பெறப்பட்டது என்று வாதிட்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பு சேவை தந்தவரையே சாரும் என்பதே அது.

அப்படியானால் பல ஊழியர்கள், பல கிளைகள் உள்ள மொத்த வணிகர் என்ன செய்வது? அவருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு பெரும்பாலும் திறக்காது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமும் ஒப்பந்தமும்தான் அவருக்குத் துணை. அந்த வழியில் ஆர்டர் படிவத்தில் எழுதியிருப்பதற்குத்தான் பலம். வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம்.

தராசுக்கு மட்டும் தனி விதி

மற்ற எந்தச் சாதனத்தையும் நாம் விரும்பும் ஆளிடம் கொடுக்கலாம். தராசை அப்படிக் கொடுக்க முடியாது. காரணம், தராசு நமக்கு மட்டும் சொந்தமான கருவி அல்ல. எதிரே நிற்கும் வாடிக்கையாளரின் நம்பிக்கையும் அதில் இருக்கிறது.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் அமலில் உள்ளது. அதன்படி எடைக்கருவியைத் தயாரிப்பவர், விற்பவர், பழுது பார்ப்பவர் மூவருக்கும் உரிமம் வேண்டும். ஆகவே எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் உரிமம் இல்லாத மெக்கானிக்கிடம் தராசைத் திறக்கக் கொடுக்கக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை:

1. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை. எடைக்கற்களுக்கும் பழைய கைத்தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை.
2. முத்திரைக் கெடு முடியாத நிலையிலும், இடையில் பழுது பார்த்தால் மறுபடி சோதித்து முத்திரையிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். "போன மாதம்தானே முத்திரை வைத்தோம்" என்ற பதில் செல்லாது.
3. ஈய முத்திரை அறுபட்ட தராசைக் கல்லாமேல் வைத்து வியாபாரம் செய்வது, எடை சரியாக இருந்தாலும் தவறுதான்.
4. முத்திரைச் சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும்.
5. பழுது பார்த்தவரிடம் உரிம எண், தேதி, மாற்றிய பாகம் எழுதிய ரசீது வாங்கி, முத்திரைச் சான்றிதழோடு ஒரே கோப்பில் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் பணி தொழிலாளர் துறையின் கீழ் நடக்கிறது. உங்கள் பகுதியில் உரிமம் பெற்ற பழுது பார்ப்பவர் யார் யார் என்பதை முத்திரை ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு இதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இன்றே எழுதிக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டி வையுங்கள். முடிந்தவர்கள் முத்திரையிட்ட இரண்டாவது தராசு ஒன்றையும் கைவசம் வைத்திருப்பது நல்லது.

கம்பெனி கொடுத்த பிரிட்ஜ்

ஐஸ்கிரீம், குளிர்பானக் கம்பெனிகள் கடைக்குப் பிரிட்ஜ் தருகின்றன. பல நேரங்களில் அது நமக்குச் சொந்தமானது அல்ல. டெபாசிட் வாங்கிக்கொண்டு உபயோகத்துக்குக் கொடுப்பார்கள். பழுது பார்க்கும் உரிமை சொந்தக்காரருக்குத்தான் உண்டு. கம்பெனியின் பிரிட்ஜை நாம் வெளி ஆளை வைத்துத் திறந்தால் டெபாசிட்டைப் பிடித்துக்கொள்ள வழி செய்தவர்களாகிவிடுவோம்.

ஆகவே பிரிட்ஜ் வந்து இறங்கும் அன்றே ஒப்பந்தத் தாளைப் படியுங்கள். பழுதானால் எத்தனை நாளில் ஆள் வர வேண்டும், அதுவரை கெட்டுப்போகும் சரக்குக்கு யார் பொறுப்பு, மின்சாரக் கோளாறால் போனால் யார் செலவு என்ற மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். பழுதான அன்றே நேரம் குறிப்பிட்டு எழுத்து மூலமாகப் புகார் செய்யுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

வாங்கும்போதே கேளுங்கள்

பழுதான பின் உரிமை பேசுவதைவிடப் பணம் கொடுக்கும் முன் பேசுவது எளிது. அப்போது நம் கையில் பணம் இருக்கிறது, விற்பவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள் ஏழு:

1. இந்த மாடலுக்கு எத்தனை ஆண்டுகள் உதிரி பாகம் தருவீர்கள்?
2. அடிக்கடி போகும் பாகங்கள் எவை? அவற்றின் இன்றைய விலை என்ன?
3. பேட்டரி, அடாப்டர், பெல்ட், விளக்கு போன்றவை வெளிச்சந்தையில் கிடைக்குமா, உங்களிடம் மட்டும்தானா?
4. சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார்? எத்தனை நாளில்?
5. வாரண்டியில் எது சேராது? வெளி ஆள் தொட்டால் முழு வாரண்டியும் போகுமா, அந்தப் பாகத்துக்கு மட்டுமா?
6. வாரண்டி முடிந்தபின் வருடப் பராமரிப்பு ஒப்பந்தக் கட்டணம் என்ன? அதில் பாகமும் சேருமா, கூலி மட்டுமா?
7. பில் போடும் மெஷினாக இருந்தால், வேறு கம்பெனிக்கு மாறும்போது என் கணக்கு விவரங்களை எடுத்துத் தருவீர்களா?

ஏழாவது கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். சரக்கு இருப்பு, கடன் பாக்கி, வரிக் கணக்கு எல்லாம் அந்த மெஷினுக்குள் இருக்கும்போது அது நம்மை அந்தக் கம்பெனியோடு கட்டிப் போட்டுவிடுகிறது. மாதம் ஒரு முறை விவரங்களைத் தனியாகப் பிரதி எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

பதில்களைப் பில்லின் பின்புறமாவது எழுதிக் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்கலாமா என்று யோசியுங்கள்.

விலையையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கணக்குக்காக இரண்டு தராசுகளை வைத்துக்கொள்வோம். முதலாவது 7,000 ரூபாய், பாகம் கிடைக்காது, மூன்று ஆண்டில் தூக்கிப் போட வேண்டும். மாதச் செலவு சுமார் 194 ரூபாய். இரண்டாவது 9,000 ரூபாய், பாகம் கிடைக்கும், இடையில் 2,000 ரூபாய் செலவழித்து ஏழு ஆண்டு ஓட்டலாம். மாதச் செலவு சுமார் 131 ரூபாய். இரண்டாயிரம் அதிகம் கொடுத்து வாங்கியதுதான் உண்மையில் மலிவு. கொள்முதலில் காசு பார்த்துப் பேரம் பேசும் நாம் மெஷின் வாங்கும்போது மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம்.

விற்பவராக நம் கடமை

நாம் எதிர்பார்க்கும் நியாயத்தை நம் வாடிக்கையாளரும் எதிர்பார்ப்பார். மளிகையோடு மிக்சி, குக்கர், டார்ச், மின்விசிறி விற்கும் கடைகள் இப்போது நிறைய. அவர்கள் கவனிக்க வேண்டியவை சில.

பில் கொடுக்காமல் இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக முறை. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அந்த நாட்களுக்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்து வைத்திருப்பவர்கள் அந்த வரியை நம்பி இருக்க வேண்டாம்.

நிறைவேற்ற வழியில்லாத பழுது பார்க்கும் வாக்குறுதி கொடுப்பதும் அதே சட்டத்தில் நியாயமற்ற வணிக முறையாகவே சொல்லப்பட்டுள்ளது. விற்கிற ஆர்வத்தில் "என்ன ஆனாலும் கொண்டு வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு, பிறகு "கம்பெனிக்குப் போங்கள்" என்றால் அது வெறும் பேச்சு மாற்றமல்ல, சட்டப்படி புகாருக்கு இடம் தருவது. கம்பெனி தரும் வாரண்டிக்கு மேல் நாமாகச் சொல்லும் உத்தரவாதத்துக்கு நாமே பொறுப்பாளி. இந்தப் பிரிவு மறுபக்கமும் வெட்டும். சர்வீஸ் தருவதாக விளம்பரம் செய்துவிட்டுக் கைவிரிக்கும் கம்பெனிக்கும் இது பொருந்தும்.

வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் போட்டுக் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்ததால் வாடிக்கையாளர் உரிமை இழந்த சம்பவங்கள் ஏராளம். அவர் கோபம் கம்பெனி மேல் போகாது, எதிரே இருக்கும் நம் மேல்தான் வரும்.

உதிரி பாகம் விற்பது வருமானத்துக்கும் வழி. குக்கர் கேஸ்கெட், சேப்டி வால்வு, மிக்சி கப்ளர், ஜார் பிளேடு, கார்பன் பிரஷ், மின்விசிறி கன்டென்சர் ஆகியவை அதிக இடத்தை அடைப்பதில்லை. எந்தப் பொருள் விற்கிறோமோ அதன் பாகத்தையும் வைத்திருக்கும் கடைக்கு வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார். இதில் மூன்று எச்சரிக்கைகள்:

முதலாவது, போலி. வேறு ஒருவர் தயாரித்த பாகத்தை "இன்ன கம்பெனி மிக்சிக்குப் பொருந்தும்" என்று உண்மையைச் சொல்லி விற்கலாம். 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. அந்தக் கம்பெனியின் பெயரையே அச்சடித்த போலிப் பாகத்தை விற்பது குற்றம்.

இரண்டாவது, பாக்கெட். அடைத்து விற்கும் உதிரி பாகத்திலும் தயாரித்தவர் அல்லது பாக்கெட் செய்தவர் பெயர் முகவரி, எம்.ஆர்.பி. முதலிய விவரங்கள் இருக்க வேண்டும். இல்லாத சரக்கைக் கொள்முதல் செய்யாதீர்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு. வீட்டு உபயோகப் பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். அதன் வால்வும் கேஸ்கெட்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. இரண்டு ரூபாய் அதிக லாபத்துக்காகத் தரம் தெரியாத வால்வை விற்கக் கூடாது.

உரிமைக்கும் எல்லை உண்டு

கம்பெனிகள் சொல்லும் வாதம் முழுவதும் பொய்யல்ல. இன்று வரும் வீட்டு பிரிட்ஜுகள் பலவற்றில் ஆர்-600ஏ என்ற வாயு இருக்கிறது. அது தீப்பிடிக்கக்கூடியது. பழைய பிரிட்ஜுக்குக் காஸ் அடித்த பழக்கத்தில் அதே முறையில் இதையும் பற்றவைத்தால் விபத்து நேரலாம். லித்தியம் பேட்டரியைக் குத்தித் திறந்தால் அதுவும் தீப்பற்றும். அதனால் கதவு ரப்பர், விளக்கு, தெர்மோஸ்டாட், மின்விசிறி போன்றவற்றுக்கு உள்ளூர் மெக்கானிக் போதும் என்றாலும், காஸ் வேலைக்கு அந்த வாயுவில் பயிற்சி பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும். பழுது பார்ப்பவரிடமும் பில் கேளுங்கள். காசு வாங்கிச் செய்யும் பழுது வேலையும் சட்டப்படி ஒரு சேவைதான். அதில் குறைபாடு இருந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டியவரே.

ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேடயமாக வைத்துக்கொண்டு ஸ்குரூவையும் பேட்டரியையும் கூடத் தர மறுப்பது வேறு சங்கதி. ஆபத்து உள்ள இடத்தில் பயிற்சி கேட்பது நியாயம். ஆபத்து இல்லாத இடத்தில் பூட்டுப் போடுவது வியாபாரத் தந்திரம்.

தகராறு வந்தால் என்ன செய்வது?

1. முதலில் விற்றவருக்கும் கம்பெனிக்கும் எழுத்து மூலம் புகார். பில் எண், மாடல், வரிசை எண், பழுதான தேதி, நீங்கள் கேட்பது என்ன என்பவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.
2. பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். பல தகராறுகள் இந்தக் கட்டத்திலேயே முடிகின்றன.
3. அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்குப் போக வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை.
4. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று கம்பெனி இழுத்தடிக்கும்போது இந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.
5. தானே நடத்தும் கடை, பிழைப்புக்கான சுயதொழில் என்பதை மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

தனி வணிகர் கேட்டால் கம்பெனி சிரிக்கும். ஐம்பது கடைகள் சேர்ந்து கேட்டால் உட்காரச் சொல்லும். தராசும் பிரிட்ஜும் வாங்க வேண்டியவர்கள் ஒன்று சேர்ந்து, ஏழு ஆண்டு உதிரி பாகம், 48 மணி நேரத்தில் சர்வீஸ் என்ற நிபந்தனைகளை எழுத்தில் பெற்று மொத்தமாக ஆர்டர் கொடுக்கலாம். உரிமம் பெற்ற தராசு மெக்கானிக்குகள், நம்பகமான பிரிட்ஜ் மெக்கானிக்குகள் பட்டியலை ஊர் தோறும் தயாரித்து உறுப்பினர்களுக்குத் தரலாம். எந்த மாடலுக்குப் பாகம் கிடைக்கவில்லை என்ற அனுபவத்தை மாதக் கூட்டத்தில் பகிர்ந்துகொண்டாலே அடுத்தவர் பணம் தப்பும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

கேள்வி: வெளி மெக்கானிக் மின்விசிறியை மாற்றினார் என்பதற்காகப் பிரிட்ஜ் கம்ப்ரசர் வாரண்டியை மறுக்கிறார்கள். சும்மா இருக்க வேண்டுமா?
பதில்: வேண்டாம். அந்த வேலையால்தான் கம்ப்ரசர் கெட்டது என்பதற்கு என்ன ஆதாரம் என்று எழுத்தில் கேளுங்கள். வாரண்டி நிபந்தனையின் பிரதியையும் கேளுங்கள்.

கேள்வி: தராசுக்கு முத்திரைக் கெடு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. உரிமம் பெற்றவர் போர்டு மாற்றிவிட்டார். உடனே பயன்படுத்தலாமா?
பதில்: கூடாது. மறு முத்திரைக்குப் பிறகே.

கேள்வி: வாடிக்கையாளர் 20 நாளில் பழுதான மிக்சியோடு வருகிறார். பில்லில் கெடு எதுவும் இல்லை.
பதில்: குறைபாடு பொருளில் இருந்தால் 30 நாள் விதி நம்மைக் கட்டும். முகம் சுளிக்காமல் வாங்கி, கம்பெனியிடம் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன கடைக்காரரிடம் திரும்புவோம். வாங்கிய அன்றே பாகம் பற்றி எழுதி வாங்கியிருந்தால் ஏஜென்சி அவ்வளவு எளிதில் கைவிரித்திருக்க முடியாது. உரிமம் பெற்றவரின் போன் எண் கல்லாவில் இருந்திருந்தால் தெருமுனை மெக்கானிக்கைப் பார்த்துத் தயங்கியிருக்க வேண்டாம். முத்திரையிட்ட இரண்டாவது தராசு இருந்திருந்தால் பண்டிகை வியாபாரம் நின்றிருக்காது. இந்த மூன்றுக்கும் புதுச் சட்டம் எதுவும் வர வேண்டியதில்லை. சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நம் பங்குக்கு, அடுத்து வாங்கும் மெஷினுக்கு அந்த ஏழு கேள்விகளையும் கேட்டு, அடுத்து விற்கும் மிக்சிக்கு வாரண்டி கார்டில் முத்திரையும் தேதியும் போட்டுக் கொடுப்போம்.